கரண்ட் போன மதியம்

அணு அக்காவுக்கு,

இந்தப் பார்சலில் இருப்பது மலைத் தோட்டத்து ஏலக்காய். பிரித்ததும் மேல் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, கடைசியில் வேண்டியிருக்கும்.

நீ அந்த உலைக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து, ஆறு மாதமாக அம்மா உன் பெயரையே எடுப்பதில்லை. பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாமென்று கொடி பிடித்தவள். அவள் மகளே அணு உலை கட்டப் போனால்?

நேற்று மதியம், சீரியலில் மாமியார் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஃபியூசைப் பிடுங்கினேன். விசிறியும் நின்றது. கரண்ட் போனது, கரண்டி வந்தது.

"அடிக்காதம்மா! அக்கா உலையிலயும் இப்படித்தான். உருகின உப்புலதான் எரிபொருள் ஓடும். அடியில இருக்கிற குழாய உறைஞ்ச உப்பு அடைச்சிருக்கும். அது உருகாமப் பாத்துக்கிறது ஒரு விசிறி. கரண்ட் போனா அடைப்பு உருகி, எல்லாம் கீழ தொட்டிக்கு இறங்கி ஆறிரும்."

ஓங்கிய கரண்டி அப்படியே நின்றது.

"அத யாருடி முழிச்சிருந்து பாக்கணும்? அவ இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாளே."

"யாரும் பாக்க வேணாம்மா. தானா இறங்கிரும்."

"அவ தூங்கிட்டிருந்தாலுமா?"

"குறட்டையே விட்டாலும்."

அதன்பின் ஃபியூசைப் போடச் சொல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அட்டையை எடு. முகவரி என் கையெழுத்தா, பார். கம்பெனி பெயரைக்கூட என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அம்மாவே முழுசாக எழுதியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் செய். நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வால்