காதர் மச்சான் மாட்டிய படம்

என் உயிரான காதர் மச்சானுக்கு,

நீ மவுத்தாகி நாற்பது நாள் முடிந்த பிறகுதான் உன்னிடம் பேச எனக்கு வாய் வந்திருக்கிறது. நீ இருந்தபோதே பேசியிருக்க வேண்டும். நானெல்லாம் என்ன மனிதன், சொல்.

நான் நடத்திய பி.யு.சி. கட்டுரை வகுப்புக்கு உன்னை இழுத்து வந்தவன் நான்தான். பிள்ளைகள் நோட்ஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, மழையைப் பற்றிக் கேட்டாலும் மாட்டைப் பற்றிக் கேட்டாலும் ஒரே முன்னுரையை எழுதி வைத்தார்கள். திருத்தித் திருத்தி எனக்குக் கை கடுத்துப்போனது. கடைவீதியில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதியவன் நீ. "ஏலே மாப்ள, பலகை அம்புட்டுத்தான். அதுக்குள்ள அடங்குறத மட்டும் எழுதச் சொல்லு" என்றாய்.

செவ்வாய்க்கிழமைதோறும் நான் வந்து கூப்பிட, நீ ஒரு படம் வரைந்து கொண்டுவந்து கரும்பலகையில் மாட்டுவாய். கண்ணில் படுவதை மட்டும் ஒரு சாண் காகிதத்துக்குள் எழுத வேண்டும். எவனாவது 'அழகிய' என்று எழுதினால் போச்சு. "அழகா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன் அப்பு. என்ன இருக்குன்னு நீ சொல்லு" என்று அந்தச் சொல்லை அடித்துவிடுவாய். வகுப்பே சிரிக்கும்.

நம்ம ஊரையே வரையேன் என்று கேட்டதும் நான்தான். நீ தோல் பதனிடுகிற ஷாப்பை வரைந்தாய். சுண்ணாம்புக் குழிக்குள் குனிந்து தோலைப் புரட்டுகிற ஒரு ஆள். அன்றைக்கு ஒரு பையன் நாலே வரி எழுதினான். கடைசி வரி: 'அவர் விரல்களில் நகம் இல்லை.' நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த மாணவனும் அப்படியொரு வரி எழுதியதில்லை.

சுண்ணாம்பு தின்ற நகத்தைச் சொன்ன அந்த வரி தோல் ஷாப்பு முதலாளியின் காதுக்குப் போனது. அவர் கல்லூரிக் கமிட்டியில் இருக்கிறவர். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"போர்டு எழுதுற ஆளுக்கு இங்க என்ன வேலை? யார் வரச் சொன்னது?"

"அவராத்தான் வந்தார் சார்."

"படத்த மாட்டுனப்ப நீங்க வகுப்புல இருந்தீங்களா?"

"இல்ல சார்."

நாசமாய்ப் போன நாக்கு! வேலை போய்விடுமே என்று பயந்தேன், வேறொன்றும் இல்லை. பயந்ததையாவது மன்னிக்கலாம். இனி வராதே என்று உன்னிடம் வந்து சொல்லக்கூட இல்லையே. கடைவீதியில் உன் ஏணியைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். உன் படங்களில் வம்பில்லாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நானே வகுப்பை நடத்தினேன். அது உனக்குத் தெரியுமா?

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்கள்.

"செவ்வாக்கெழமையானா வெளுத்த சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான் தம்பி. 'மாப்ள கூப்புட வருவான்'னு. நான் ஏசுனா, 'சும்மா இரு அக்கா, அவன் மேல தப்பிருக்காது. எனக்காகப் பேசி அவனுக்குத்தான் கெட்டபேரு வந்திருக்கும்'பான். காமாலையில கெடந்தப்பக்கூட அதத்தான் சொன்னான்."

நெய்ச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன் மச்சான். பாவி, நீ என்னைத் திட்டிவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

இன்னொன்றும் கேள். படத்தை வைத்து எழுத்துச் சொல்லித்தருவது என் யோசனை என்று எவரோ பல்கலைக்கழகத்துக்காரர் மெச்சிவிட்டுப் போயிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை கல்லூரி விழாவில் எனக்குச் சால்வையாம். போர்த்தப்போவது அந்த முதலாளி. பிரின்சிபால் சொன்னபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வாக்குக் கொடுக்கிறேன். அந்தச் சால்வை என் தோளில் விழும் முன் மைக்கைப் பிடித்துச் சொல்வேன்: "யோசனையும் படமும் காதர் பாயுடையவை. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கியவன் நான். அன்றைக்கு நான் வகுப்பில்தான் இருந்தேன். அந்தப் பையனின் வரியை எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டியவனும் நான்தான்." வேலை போனால் போகட்டும். சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால், இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கும் உறவை நீயே அடித்துவிடு.

இன்னும் உன் மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்கிற,
முத்தையா