ஆமென் சொன்ன பிறகும் எழாதவள்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
11-8-2002.

மருமகனாக வரப்போகிற ஆன்சன் தம்பிக்கு, சுமியின் அப்பா சற்குணம் அன்போடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஜெபம்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆகையால் எழுத்துப் பிழைகளைக் கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்த சொந்தக்காரர்கள் என்று நினைத்து விட்டுவிடுங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் பூத்தில் நான் பேசினால் சாலைக் கடைத்தெரு முழுவதும் கேட்கும் என்று சுமியின் அம்மா ராஜபாய் சொல்லுவாள். அது பொய்யுமில்லை. அதனால் லீவு முடிந்து நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிற எங்கள் சபை ராஜையன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல். வறுவலில் பாதி வழியிலேயே தீர்ந்தாலும் கடிதத்தை அவர் பிரிக்கமாட்டார்.

கல்யாண வேலையெல்லாம் நன்றாக நடக்கிறது. எனக்குக் கோட்டு தைக்க அளவெடுத்த டெய்லர், தொப்பையைச் சுற்றி வருவதற்குள் டேப் முடிந்துபோய் இன்னொருவரைக் கூப்பிட்டார். இன்று காலை ஆராதனையில் உங்கள் இருவருக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். பெயரைக் கேட்டதும் ராஜபாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு போதகர் ஐயர், இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று வாசித்துவிட்டுச் சபையை ஒரு பார்வை பார்த்தார். எப்போதும் பார்க்கிற பார்வைதான். ஆனால் அது என் பெஞ்சிலேயே வந்து நின்றதுபோல் இருந்தது. தடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை தம்பி. ஆனால் தெரிவிக்கவேண்டியது ஒன்று உண்டு.

ஈஸ்டர் லீவில் நீங்கள் வந்தபோது எங்கள் வீட்டில் நிச்சயதார்த்த ஜெபம் நடந்ததே, நினைவிருக்கும். உங்கள் அம்மா தாசம்மாள் அவர்கள் ஜெபித்தார்கள். எல்லாரும் சிமெண்டுத் தரையில் முழங்காற்படியிட்டிருந்தோம். நீண்ட ஜெபம். ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்தோம். நான் மேஜையைப் பிடித்து, ஒட்டகம்போல, மூன்று தவணையாக எழுந்தேன். சுமி மட்டும் கண்ணை மூடியபடி அப்படியே இருந்தாள். உங்கள் அம்மா குரலைத் தாழ்த்தி, "பாத்தியளா, ஆமென் சொல்லியும் பிள்ளைக்கு எந்திக்க மனசில்ல. எனக்கு இந்த மருமவ போதும்" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையில்தான் சம்பந்தம் உறுதியாயிற்று.

அவள் ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை தம்பி. எழமுடியாமல் இருந்தாள்.

முன்பு ஸ்கூட்டரில் பஸ் இடித்து அவளுக்குக் காலில் அடிபட்டது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருந்தோம். எலும்பில் சின்ன விரிசல், கட்டுப் போட்டுச் சரியாயிற்று என்றும் சொன்னோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது முழங்காலைப் பிடித்து நிறுத்துகிற நார்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று மூன்றும் சேர்ந்தே அறுந்துபோயின. டாக்டர் அவற்றைக் கயிறு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் கயிற்றுக் கடைக்காரன். தெரிந்த சரக்கைப் பற்றிப் பேச்சு வந்த சந்தோஷத்தில், புதிதாகப் போடுவது நைலானா சார் என்று கேட்டுவிட்டேன். சுமி அந்த வலியிலும் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய தொடையிலிருந்தும் மற்றக் காலிலிருந்தும் நார் எடுத்துத்தான் கட்டினார்கள்.

ஒரு வருஷம் பல்லைக் கடித்துப் பயிற்சி செய்து நடந்தாள். நடையில் குறை தெரியாது. ஆனால் டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார்: முழங்காலைத் தரையில் ஊன்றி நிற்கவே கூடாது. ஊன்றினால் உடம்பின் பாரம் கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்குத் தள்ளும், பின்பக்கத்து நார் இழுபட்டுத் தளரும்.

இதை ஏன் மறைத்தோம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு முன் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஆபரேஷன் என்று கேட்டதும், "நாளைக்கு பிள்ளையத் தூக்கிட்டு படி எறங்குவாளா?" என்று அவள் காதுபடக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சுமி என்னிடம், "அப்பா, இனி இத யாருட்டயும் மிண்டப்பிடாது, கேட்டோ" என்றாள். ஊரில் வாயாடி என்று பெயரெடுத்த நான், இதை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

நிச்சயத்துக்குப் பிறகு உங்கள் அம்மா பாறசாலையிலிருந்து வரும்போதெல்லாம் ஜெபம். சுமியும் கூடவே முழங்காலில் நிற்கிறாள். ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் பிறகே எழுகிறாள். உங்கள் அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம், சபையிலும் சொல்லிக்கொள்கிறார்களாம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்குப் பயம்.

போன வாரம் டாக்டரிடம் போனோம். மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். வலது காலின் எலும்பு மற்றதைவிடத் தாழ்ந்து, பின்பக்கமாக இறங்கியிருந்தது. மெல்ல அழுத்தினார். இன்னும் இறங்கியது. என்னைப் பார்த்தால் ஏதாவது கேலி பேசுகிறவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்தார். மலையாளத்தில் சொன்னது இவ்வளவுதான்: பின்னால் உள்ளது தளரத் தொடங்கிவிட்டது, அது போனால் மற்ற இரண்டும் தாங்காது, மறுபடி கட்டுவதற்கு எடுக்க அவள் காலில் நல்ல நார் அதிகம் மிச்சமில்லை. திரும்பும்போது கிழக்கேகோட்டையில் பஸ் படியிறங்கியவள், அந்தக் காலே இல்லாதவள்போல் மடங்கினாள். நான் பிடித்துக்கொண்டேன். செருப்பு வழுக்கிவிட்டது என்றாள். செருப்பு புதுசு.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் கல்யாணத்துக்காக உபவாச ஜெபம். காலையில் தொடங்கினால் மூன்று மணிவரை. சுமியைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் போவதாக அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள். போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாளுதானே அப்பா" என்கிறாள். உங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு என்பது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கு முன் நீங்கள் அம்மாவிடம் போனில் பேசவேண்டும் தம்பி. அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் உட்காருவாள், நான் சொன்னால் சிரிப்பாள். விஷயம் தெரிந்து உங்களுக்கே மனம் மாறினால் அதையும் தெரிவியுங்கள், நான் வருத்தப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவளிடம் நேராகச் சொல்லவேண்டாம். என் கடைக்கு எழுதுங்கள். அவளிடம் சொல்லுகிற பாடு என்னுடையதாக இருக்கட்டும்.

இதை அவள் கண்ணெதிரேதான் எழுதுகிறேன். மலையாளப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்து அவளுக்கு ஓடாது. மாப்பிள்ளைக்கு என்னப்பா இவ்வளவு நீளம் என்று கேட்டாள். பந்திக்கு எத்தனை பாயசம் என்று கேட்டு எழுதுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்காகப் பழகுகிறாள். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு.

இப்போது உள்ளே ஏதோ சத்தம். கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணுமில்ல அப்பா" என்கிறாள். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. வெள்ளிக்கு முன், தம்பி.

இப்படிக்கு,
சுமியின் அப்பா,
சற்குணம்