எண்ணெயில்தான் தண்ணீர்

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. கதிரைகளையும் தறப்பாளையும் ஏற்றிப்போக வந்த லொறி புறப்படும்போது ஒரு பாட்டம் வெள்ளைப் புகையைக் கக்கியது. அந்த மணம் பட்டதும் என் கண் கரித்தது. பக்கத்தில் நின்றான் செல்வம், உங்கள் பழைய மெக்கானிக். உடனே தொடங்கிவிட்டான்.

"இப்பிடித்தான் அண்ணையின்ரை லொறியும் வெள்ளையாய்ப் புகைச்சு, ஹெட் காஸ்கற் போய்ப் படுத்தது."

"காஸ்கற் போகேல்லை, தம்பி. நீங்கள் எல்லாருமாய்க் கழட்டினதாலைதான் போனது. எண்ணெயிலைதான் தண்ணி" என்றேன்.

அவன் சிரித்தான். "அண்ணை ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே, அக்கா."

வீடு நிறையச் சனம். கோப்பைகளைப் பொறுக்கப் போனேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் சட்டம் செல்லாது. சொல்லத்தான் போகிறேன், கேளுங்கள்.

சண்டைக் காலம், மாரி தொடங்கிய நேரம். அரசாங்கம் போட்ட தடை காரணமாக டீசலைக் கண்ணால் கண்டே மாதக்கணக்கு. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றித்தான் லொறி ஓடியது. ஷெல் விழுந்தால் பற்றிவிடும் என்று மண்ணெண்ணெய் நிரப்பிய தகரப் பரலை வாழைத்தோட்ட மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்து வைத்திருந்தீர்கள். பரலுக்கு மேலே ஓலை. ஓலைக்கு மேலே ஒரு கிழமையாக மழை.

அன்று நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்குப் புறப்பட்டீர்கள். கோப்பாய்க்குக் கிட்டவே லொறி திடீரென்று இழுவையை விட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் இல்லை, பின்னால் வெள்ளைப் புகை மட்டும். ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் சேர்த்தீர்கள்.

செல்வம் வந்தான். என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைப் புகை என்றால் எஞ்சினுக்குள் ரேடியேற்றர் தண்ணீர் போகிறது, அப்படியென்றால் ஹெட் காஸ்கற் போய்விட்டது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஒரு பீடி எரிந்து முடிய முன்னம் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

ஹெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற அந்தப் பழைய காஸ்கற் தகடு கிழியும். புதியது குடாநாட்டுக்குள் ஒரு கடையிலும் இல்லை, வெளியிலிருந்து வர விடவும் மாட்டார்கள். கழற்றினால் லொறி அவ்வளவுதான். உள்ளே என்னைப் பெற்ற ஐயா பாரிசவாதத்தில் கிடந்தார். எழும்பி ஓட வேண்டி வந்தால் அவரை ஏற்ற எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான் நாலு ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றேன்.

"இஞ்சாருங்கோ, காலமையிலை ரேடியேற்றருக்குத் தண்ணி விடுறது நான். இந்தக் கிழமை ஒரு சொட்டும் குறையேல்லை. எஞ்சின் தண்ணி குடிச்சால் அது குறைய வேணுமெல்லோ?"

செல்வம் உங்களைப் பார்த்தான். நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

"நேற்று அந்தப் பரல் எண்ணெயிலைதான் போத்தல் விளக்குக் கொளுத்தினனான். சடசடவெண்டு வெடிச்சு நூந்து போச்சு. எண்ணெயிலைதான் தண்ணி."

"விளக்கும் எஞ்சினும் ஒண்டே? நீர் போய்த் தேத்தண்ணியை வையும்" என்றீர்கள். விடுப்புப் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

தேத்தண்ணி வைக்கவில்லை. லொறியின் எண்ணெய்த் தாங்கியின் அடியாணியைத் தளர்த்தி, வடிந்ததை ஒரு ஜாம் போத்தலில் பிடித்துக் கல்லில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் நாலு விரல் தண்ணீர், மேலே எண்ணெய். அதை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். உங்களுக்கு விளங்கியது. விளங்கியதென்று எனக்கும் தெரியும். ஆனால் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், செல்வத்தின் கையில் ஸ்பானர் இருந்தது.

"கழட்டு" என்றீர்கள்.

தகட்டில் ஒரு பழுதும் இல்லை, தூக்கும்வரை. தூக்கும்போது இரண்டாகக் கிழிந்தது. அதற்குப் பதிலாகக் கடதாசி மட்டையில் வெட்டி வைத்தது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. லொறி வேலியோரம் நின்றது. அதற்குள் கோழி முட்டையிட்டது.

அடுத்த மாரியில் ஆமி கிட்ட வர ஊரே எழும்பி நடந்தது. ஐயாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி என் பழைய சேலையால் கட்டினோம். நீங்கள் ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தாங்க, அந்த மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தோம். ஐயாவின் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போயிருக்கிறது. உணர்ச்சி இல்லாத கால், அவர் கத்தவில்லை. என் கால் இரத்தத்தை மிதித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அந்தப் புண்ணை நீங்கள்தான் கழுவினீர்கள். அதை நான் மறக்கவில்லை. கழுவிக்கொண்டே, நிமிராமல் சொன்னீர்கள்.

"நீர் சொன்னதுதானப்பா சரி. எண்ணெயிலைதான் தண்ணி."

ஐயா கேட்டுக்கொண்டு கிடந்தார். புண் ஆறவில்லை, தைப்பொங்கலுக்கு முன்னமே அவர் போய்விட்டார்.

அந்த ஒரு தரம்தான். பிறகு கலியாண வீடோ செத்த வீடோ, யார் கேட்டாலும் "லொறியோ, ஹெட் காஸ்கற் போயிட்டுது" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று பரிமாறுவேன். நீங்கள் என் பக்கம் திரும்ப மாட்டீர்கள். நல்ல மனுஷன்தான் நீங்கள், கை நீட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தைச் செல்வத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்து போயிருக்கும்? எத்தனை வருஷம் இருந்தது உங்களுக்கு.

முப்பத்தொரு நாளும் அழுதேன். இன்றைக்குக் கோபம்தான் வருகிறது, அதை நான் அடக்கப் போவதுமில்லை. நீங்கள் அன்று சொன்னதைக் கேட்ட ஐயாவும் இல்லை, சொன்ன நீங்களும் இல்லை. நான் சரியாகத்தான் சொன்னேன் என்பதற்கு இனி நான் ஒருத்திதான் சாட்சி. என் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?