எட்டுச் சிலிண்டருக்கு மூன்று வைத்தியர்

16 ஒக்டோபர் 1976, சனி

காலையிலிருந்து தூறல். கம்பளிச் சட்டைகளைக் காயப்போட முடியவில்லை. வாங்க: வெங்காயம், பால், சலவைத் தூள், இவருக்குச் சவர பிளேட்.

காரின் தட்டல் கூடிவிட்டது. யாரோ முன்பக்கப் பொனற்றுக்குள் இருந்துகொண்டு கதவைத் திறக்கச் சொல்வதுபோல. வாங்கும்போதே கிழட்டுக் கார். மைல் மீற்றர் பன்னிரண்டாயிரம் காட்டுகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டியபின் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கிய பன்னிரண்டாயிரம். இவர் விருந்தாளிகளுக்குப் பன்னிரண்டாயிரத்தை மட்டும் சொல்வார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டுநர் தேர்வு. சொந்தக் காரில் போக வேண்டும். நவம்பர் முதலாம் திகதி மிசிசாகாவில், விமானச் சரக்கு அலுவலகத்தில் வேலை தொடக்கம். விடியற்காலை ஷிப்ற். நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து அந்நேரத்துக்கு வேறு வழியில் போய்ச் சேர முடியாது. லைசன்ஸ் இல்லையென்றால் வேலை வேறொருத்திக்கு. மானேஜர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாப்பிடும்போது இவர்:

"உந்தச் சத்தத்தோட போனா டிரைவிங் ரெஸ்ட் எடுக்கிறவன் காரிலை ஏறமாட்டான். சத்தம் நிக்காட்டி ரெஸ்டைத் தள்ளிப்போடுவம்."

"அடுத்த திகதி டிசம்பரிலைதான் குடுப்பினம்."

"அதுக்கென்ன? வேலை எங்கை ஓடப்போகுது?"

குழம்புக்கு உப்புக் காணாது என்றும் சொன்னார்.

17 ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். துவைத்த துணி பாதி ஈரம்.

கார் நிறுத்துமிடத்தில் மாநாடு. இராசநாயகம் அண்ணை வந்தார். ஊரில் நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியர். வாய்க்கால் வெட்டியவருக்கு வால்வு தெரியாதா என்பது இவருடைய கட்சி. பெயர் நீளம், மை வீண். இனி இ.அ.

மேல் மாடிக் கோபாலனும் இறங்கி வந்தான். தஞ்சாவூர்ப் பக்கம். பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி. நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கச்சேரிகளில் முன்வரிசைக்காரர்களுக்கு இந்த முகம் உண்டு.

"லிஃப்டர் சார். வால்வைத் தூக்கி விடுற குட்டி உருளை. உள்ள எண்ணெய் சரியா நிரம்பலேன்னா தட்டும்."

"உது எனக்குத் தெரியும், தம்பி," என்றார் இ.அ. "பழைய எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில் வேணும். தேன் மாதிரி. ஒரு குவாட், ஒரு லீற்றர் மட்டிலை, விட்டாச் சத்தம் செத்துப்போம்."

"இருக்கிற ஒயிலைக் கழட்டிப்போட்டோ, அண்ணை?" என்றார் இவர்.

"ஏன் கழட்டுவான்? நல்ல ஒயில். அதுக்கு மேலையே விடும்."

மற்ற இருவருக்கும் பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "அண்ணை சொன்னாச் சரிதான்." "சார் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்." வயதில் மூத்தவரை முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது. நம்மவர்களில் ஒருவர் மூத்தவராகிவிட்டால் பிழைவிடும் லைசன்ஸ் கிடைத்துவிடுகிறது. அதற்குத் தேர்வும் கிடையாது.

ஊற்றினார்கள். முடுக்கினார்கள். தட்டல் அப்படியே.

"நாளைக்குப் பாரும். ஊற வேணும்," என்றார் இ.அ.

எஞ்சின் ஊற வேண்டுமாம். உளுந்து மாதிரி.

18 திங்கள்

காற்று. பல்கனிக் கொடியில் இருந்த ஒரு காலுறையைக் காணவில்லை.

பக்கவாட்டில் நிறுத்தும் பயிற்சி. முதலில் சரி. பிறகு குப்பைத் தொட்டி. பிறகு சரி. இவர் பக்கத்தில் இருந்து "பிரேக், பிரேக்" என்று தன் காலால் தரையை மிதித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவர்: "குப்பை போட்டிட்டு வாறன்." குப்பைக் கூடை சமையலறையிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது சட்டைக் கையில் சிவப்புக் கறை. இரத்தமோ என்று பயந்து மணந்து பார்த்தேன். எண்ணெய். ஓட்டோ கியருக்கு விடுகிற சிவப்பு எண்ணெய்.

"எஞ்சினுக்கை விட்டனீங்களோ?"

"ஒரு குவாட்தான். ஒபிசிலை ஒரு வெள்ளைக்காரன் சொன்னவன், உள்ளை கழுவி விடுமாம். அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். மனம் நோவார்."

சட்டை ஊறுகிறது. இது உண்மையிலேயே ஊற வேண்டியது.

19 செவ்வாய்

இன்று தட்டல் இல்லை. முழக்கம். முன்பு ஒரு சுத்தியல். இன்று ஒரு பட்டறை முழுவதும். எதிர் வீட்டு நாய் குரைத்தது. சந்தி வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பின்னேரம் மூன்று வைத்தியர்களும் மறுபடி பொனற்றைச் சுற்றி.

"குளிர்," என்றார் இ.அ.

"குளிர்தான், அண்ணை," என்றார் இவர்.

"டெம்பரேச்சர் எஃபெக்ட் சார்," என்றான் கோபாலன்.

ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் எஞ்சினையே பார்த்தார்கள். கோயிலில்கூட இவ்வளவு ஒருமித்த பார்வையை நான் கண்டதில்லை. காற்றில் ஒரு மண்ணெண்ணெய் மணம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மேலே வந்ததும் இவர்: "ரெஸ்ட் ஒபிசுக்குப் போன் பண்ணி வரேல்லை எண்டு சொல்லும்."

"வியாழன் பின்னேரம் மட்டும் பொறுங்கோ."

"அதுக்குள்ளை என்ன நடக்கப்போகுது?"

எனக்கும் தெரியாது. கத்தரிக்காய் அடிப்பிடித்தது. இந்த நாட்டில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை.

20 புதன்

நூல்நிலையம். ஒரு நாவல், ஒரு கார் பழுதுபார்க்கும் புத்தகம். கொடுத்த பெண், "கணவருக்கா?" என்றாள். ஆம் என்றேன். பொய்யில்லை, தேவை அவருக்குத்தான்.

நாவல் சுமார். மற்றது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எண்ணெய் அளவுக்கு மேல் நிறைந்தால், கீழே சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கும். லிஃப்டருக்குள் எண்ணெய்க்குப் பதில் காற்று நிறையும். காற்றால் எதையும் தாங்க முடியாது, ஆகவே தட்டும். நான் கேட்ட பல மேடைப் பேச்சுகளுக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது.

கீழே போய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். 'நிறைவு' என்ற கோட்டைத் தாண்டி, வெகு மேலே. நுரை. இளஞ்சிவப்பு. மண்ணெண்ணெய் மணம். முதலே நிறைந்திருந்த எஞ்சினுக்கு மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார்கள். இந்தக் கம்பியை இழுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர் கணக்காளர். கூட்டல் தெரியும் என்று நம்பித்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

மேல் மாடிக்குப் போனேன்.

"கோபாலன், மண்ணெண்ணெய் எவ்வளவு விட்டனீர்?"

"என்ன மண்ணெண்ணெய் அக்கா?"

"கதவைச் சாத்தாமல் சொல்லும்."

"ஒரு பாட்டில். அழுக்கைக் கரைச்சு விடும்னு நேத்துக் காலையில ஊத்துனேன். ராசநாயகம் சார்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. வருத்தப்படுவார்."

இவர் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னதைக் கோபாலன் தஞ்சாவூர்த் தமிழில் சொன்னான். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு எஞ்சினையே கொல்லப் பார்த்திருக்கிறார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

"நாளைக்குக் காலமை பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு கீழை வாரும்."

"லேப் இருக்கு அக்கா."

"அப்ப அண்ணையிட்டைச் சொல்லுறன்."

"எத்தனை மணிக்கு அக்கா?"

21 வியாழன்

தெளிவான வானம். இவர் வேலைக்குப் போன பிறகு தொடங்கினோம்.

கோபாலன் காருக்குக் கீழே. நான் மேலே, புத்தகத்தோடு. என் மாக் குழைக்கும் பேசின் பலி. அடித் திருகைக் கழற்றியதும் வந்தது எண்ணெய் அல்ல, தேங்காய்ப்பால் விட்ட பீற்றூட் கறி. வந்துகொண்டே இருந்தது. கோபாலன் கீழிருந்து நுரையின் இயல்பு பற்றி ஏதோ தொடங்கினான். திருகை இறுக்கச் சொன்னேன். எண்ணெய் வடிக்கும் ஃபில்ரர் இறுகிப் போயிருந்தது. இருவருமாகப் பிடித்துத் திருப்பியபோது என் கை முழங்கை வரை கறுத்தது.

புது ஃபில்ரர். புது எண்ணெய். கோடு வரை. கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

முடுக்கினேன். முதலில் பட்டறை. பிறகு ஒவ்வொரு சுத்தியலாக ஓய்ந்தது. கடைசியில் ஒன்று மட்டும் மெல்லத் தட்டியது. பிறகு அதுவும் இல்லை.

"மண்ணெண்ணெய்தான் அக்கா உள்ள கழுவியிருக்கு."

இருக்கலாம். அவன் வைத்தியத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இங்கே எழுதுவதோடு சரி. அவனிடம் சொல்லப்போவதில்லை.

பின்னேரம் இவர் வந்து சாவியைத் திருப்பினார். காதைச் சாய்த்தார். மறுபடி திருப்பினார். பிறகு மேலே ஓடிவந்து தொலைபேசியில், "அண்ணை, உங்கடை ஒயில் ஊறிட்டுது."

இ.அ. மரியாதை பெற நேரிலேயே வந்தார். வடை முடியும்வரை இருந்தார்.

"நான் சொன்னனான் எல்லோ. பொறுமை வேணும். எங்கடை ஆக்களிட்டை அதுதான் இல்லை."

"ஓம் அண்ணை," என்றார் இவர், தன் சிவப்பு எண்ணெயை நினைத்துச் சிரித்தபடி. வடை மணத்துக்கு இறங்கி வந்திருந்த கோபாலனும் வேறொன்றை நினைத்துச் சிரித்தான். ஒரு காருக்கு மூன்று வெற்றி வீரர்கள்.

"தங்கச்சி, கை என்ன கறுப்பு?"

"கத்தரிக்காய் சுட்டனான், அண்ணை."

தேர்வைத் தள்ளிப்போடும் பேச்சு எழவில்லை. எலுமிச்சந் தோலால் தேய்த்தும் நகத்துக்குள் இருந்த கறுப்புப் போகவில்லை.

22 வெள்ளி

மழை. எனக்கு நீலச் சேலைக்கு மேல் கோட்டு. இவருக்கு என்னிலும் பதற்றம்.

தேர்வு எடுத்தவருக்குக் கடும் தடிமன், சளி. ஏறியதும் மூக்கைச் சீறினார். ஹீற்றரை முழு வேகத்தில் போடச் சொன்னார். கடைசிவரை அது காருக்குள் புயலாக இரைந்தது. பொனற்றுக்குள் எட்டுச் சிலிண்டரும் அடிபட்டுச் செத்திருந்தாலும் அந்த மனிதருக்குக் கேட்டிருக்காது.

இடம். வலம். பின்னுக்கு. பக்கவாட்டு நிறுத்தம், சரி. ஒரு கையெழுத்து, ஒரு தும்மல். பாஸ்.

வெளியே இவர் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி: "சத்தத்தைப் பற்றி ஏதும் கேட்டவனோ?"

"இல்லை."

"பாத்தீரா. நாங்கள் செய்தது வீண்போகேல்லை."

1 நவம்பர், திங்கள்

இருட்டு. கண்ணாடியில் உறைபனி, சுரண்டினேன். மதியச் சாப்பாடு: புட்டு, முட்டைப் பொரியல்.

இவர் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் ஓவர்கோட்டோடு இறங்கி வந்து பொனற்றைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறும். ஒரு சின்னச் சத்தம் கேக்குதுபோல."

"மூடுங்கோ. நான் போகவேணும்."

மூடினார். என் பக்கக் கண்ணாடிக்கு வந்து குனிந்தார்.

"பின்னேரம் கெதியா வாரும். அண்ணையின்ரை காரும் தட்டத் தொடங்கிட்டுதாம். நானும் கோபாலனும் போய்ப் பாக்க வேணும்."

"கார் எனக்கு வேணும்," என்றேன்.

401 நெடுஞ்சாலை வெறுமையாக இருந்தது.