ஷிப்ட் மாற்றாத பூண்டுராஜ்

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது.

செத்துப்போனவர்கள் மெசேஜ் அனுப்பினால் பயம்தான் வர வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. வாய் நிறைய நுரையோடு நின்று படித்தேன். "பூண்டுராஜ் அவர்களுக்கு வாழ்த்துகள். இந்த ஆண்டு ஒரு முறைகூட ஷிப்ட் மாற்றாத ஊழியர்களில் நீங்களும் ஒருவர். எவர்சில்வர் டிபன் கேரியரை டைம் ஆபீஸில் பெற்றுக்கொள்ளவும்." கீழே உன் பெயர். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்த மில்லில் உன் பெயரை எடுக்க ஒருவருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

பூண்டுராஜ் என்று ஒரு ஆள் கிடையாது. நம் புரோகிராம் ஒழுங்காக மெசேஜ் அனுப்புகிறதா என்று பார்க்க ஒரு பொய்த் தொழிலாளி வேண்டும் என்றாய். நான் என் ஃபோன் நம்பரைக் கொடுத்து, கும்மிடிப்பூண்டியின் பின்பாதியை வெட்டியெடுத்து அவனுக்குப் பெயர் சூட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் பிரவுசிங் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இவன் ஷிப்டுக்கு வந்தா பக்கத்துல யாரும் நிக்க முடியாதுடி" என்றாய். அந்தப் பூண்டுராஜ் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறான். எங்கப்பாதான் இல்லை.

நாம் இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. லேபில் இருந்த எல்லா மவுசுக்கும் வயிற்றைத் திறந்து உருண்டையைக் கழற்றி நான் டிபன் பாக்ஸில் போட்டு வைத்த நாள் நினைவிருக்கிறதா? யார் செய்தது என்று சார் கேட்டபோது நீ எழுந்து நின்று, "எலிதானே சார், பூனை வந்திருக்கும்" என்றாய். வகுப்பே சிரித்தது. உன்னை வெளியே நிற்க வைத்தார்கள். மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றாய், என் பெயரைச் சொல்லவில்லை. அப்போது என்னைக் காட்டிக்கொடுக்காதவள் பிறகு மட்டும் எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசி வருடத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் எல்லாம் லைப்ரரி, ரயில்வே டிக்கெட் என்று பழசையே திருப்பிப் போட்டார்கள். நான்தான் ஷிப்ட் மாற்றுவதைச் சொன்னேன். எங்கப்பா வேலை பார்த்த ரோலிங் மில்லில் ஆட்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள். அதெல்லாம் மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நடக்கும். "இன்னைக்கு நைட்டு நீ பாத்துக்கபா, ஞாயித்துக்கெழம நான் வந்துர்றேன்" என்றால் முடிந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். எங்கப்பாதான் அதிகம் மாற்றுவார். தம்பிக்குக் காது கேட்காது. மெஷின் வைத்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மெட்ராஸ் கூட்டிப்போக வேண்டும், அதுவும் வாரநாளில்தான். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் அப்பா கூட வேலை பார்த்த முருகேசன் அண்ணனைத் தேடிக் கவரைப்பேட்டை வரை பஸ்ஸில் போய்த் திரும்பிய நாளெல்லாம் உண்டு. அந்த அலைச்சலை ஒரு மெசேஜில் முடித்துவிடலாம் என்றேன். ஆள் தன் ஃபோனிலிருந்து கேட்டால், கம்ப்யூட்டர் எதிர் ஷிப்டில் ஒத்துக்கொள்ளும் ஆளைத் தேடி இரண்டு பேருக்கும் மெசேஜ் அனுப்பும். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நோக்கியாவ டேட்டா கேபிள்ல மாட்டினா முடியும்டி" என்றாய். முடிந்தது.

விஷுவல் பேசிக்கில் எழுதினோம். நீ விஷுவல், நான் பேசிக்கொண்டே இருப்பவள். டேட்டாபேஸும் கேபிளும் உன்னுடையவை. திரைகளும், மெசேஜில் வரும் வாசகங்களும் என்னுடையவை. நீ கும்மிடிப்பூண்டியில், நான் பொன்னேரிப் பக்கத்து ஆரணியில். காலேஜ் கம்ப்யூட்டர் நமக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு பொழுது. அதனால் பெரும்பாலும் அவரவர் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஃபைலை மெயிலில் அனுப்பிக்கொண்டோம். 'ஃபைனல்' போகும், 'சத்தியமா ஃபைனல்' வரும், அப்புறம் 'அம்மா மேல சத்தியமா ஃபைனல்' போகும்.

ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் கை வைத்துவிட்டோம். உன் வேலை முழுக்க என் வேலையின் அடியில் நசுங்கிப்போனது. அதற்கப்புறம்தான் அந்த விதி. ஃபைலைத் திறப்பவள் மற்றவளுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும்: "என்கிட்ட இருக்குது, தொடாதே." முடித்ததும் இரண்டு ரிங்: "வுட்டுட்டேன், எடுத்துக்கோ." காசே செலவில்லாத பூட்டும் சாவியும். எங்கம்மா, "யாருடி அது, அடிச்சி அடிச்சி கட் பண்றது? பையனா?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். "ஆமாம்மா, பூண்டுராஜ்" என்றேன். அன்றைக்கு வாங்கிய அடியில் உனக்கும் பாதிப் பங்கு உண்டு.

அப்பாவிடம் நாம் என்ன செய்கிறோம் என்று நான் சொல்லவில்லை. நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர், "வாம்மா விஞ்ஞானி, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுக்கொண்டே பக்கோடாப் பொட்டலத்தைப் பிரிப்பார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தின்போம். ஒரு நாள் அவர் ஃபோனில் திடீரென்று மெசேஜ் வர வேண்டும், அவர் திகைக்க வேண்டும், கடைசியில் என் பெயரும் உன் பெயரும் இருக்க வேண்டும். நான் செய்த குறும்புகளிலேயே உருப்படியான ஒன்றாக அது இருக்கும் என்று நினைத்தேன். புராஜெக்ட் வைவா முடிந்ததும் மில்லுக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. "நீ பேசு, நான் கேபிளப் புடிச்சிக்கினு பக்கத்துல நிக்கிறேன்" என்றாய்.

வைவா முடிந்த வாரம் உன்னிடமிருந்து ஒரு ரிங் வந்தது. ஏதோ சின்னத் திருத்தம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் இரண்டு ரிங் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினார். "ஆந்தை ஷிப்ட் முருகேசன் அண்ணனுக்குப் போயாச்சு. நீங்கள் கோழியோடு எழுந்தால் போதும்." பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே நான் யோசித்த வரி அது. கீழே உன் பெயர் மட்டும் இருந்தது.

"உன் ஃப்ரெண்டு மில்லுல சேந்துகிச்சு. ஆபீசுல ஏசி ரூம்பு" என்றார் அப்பா. "அதுவே தனியா எழுதுச்சாம். இன்னாமா எழுதுது பாரு. உன்கூட சுத்திச் சுத்தி உன் நக்கலு அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

அது என்னுதுப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா அதைத் தம்பிக்குச் சைகையில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆந்தைக்குக் கண்ணை உருட்டினார், கோழிக்குக் கையை மடக்கிச் சிறகடித்தார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நேரத்தில் சொன்னால் பொறாமை போலத்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உன்னைப் பிடித்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"ரெண்டாவது ரிங் எங்கடி?"

நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "ஒரு வேலதான் கீதுன்னாங்கடி. ஒரு பேருதான் கேட்டாங்க."

"கேட்டா?"

"எங்க நைனா வேலைக்குப் போயி எவ்ளோ நாளாச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்குறேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனேடி."

நீ பதில் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாளில் சமாதானம் ஆகியிருப்போம். அட்டையைச் சட்டென்று துப்பட்டாவுக்குள் தள்ளினாய். அதில்தான் எனக்கு அதிகம் வலித்தது. ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

அதோடு முடிந்திருந்தால் உன்னைத் திருடி என்று மட்டும் சொல்லி விட்டிருப்பேன். சில மாதம் கழித்துக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம் வந்தது. அப்பாவை மேஸ்திரி தனியே கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல உன் பேருதான்பா மொதல்ல கீது. ரொம்ப மாத்திக்கினியாமே. இந்தத் தபா உன்னக் கூப்பிட வேணாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

"மாத்திக்கினேன், லீவா போட்டேன்? ஒவ்வொரு ஷிப்டுக்கும் பதிலுக்குப் பாத்துக் குடுத்துட்டேனே."

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுபா."

டீக்கடைக்கு ஞாபகம் கிடையாது. யார் எத்தனை முறை மாற்றினார்கள் என்று டீக்கடை எண்ணி வைப்பதில்லை, கிளாசைக் கழுவியதோடு சரி. நாம் அந்தப் பேச்சை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்தோம், அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டது. ஆனால் ஆள்வாரியாகக் கூட்டிப் போட்டு, யார் முதல் என்று வரிசைப்படுத்தும் பக்கம் நாம் எழுதிய ஃபைலில் இல்லையடி. அதை நீ சேர்த்தாய். ஏசி ரூமில் உட்கார்ந்து, ஆபீசர் கேட்டார் என்று சேர்த்தாய். சேர்த்துவிட்டுச் சரியாக வருகிறதா என்று ஓட்டிப் பார்த்திருப்பாய், நீ ஓட்டிப் பார்க்காமல் எதையும் விடமாட்டாய். முதல் வரியில் எங்கப்பா பெயர் வந்திருக்கும். பக்கோடாப் பொட்டலம் பிரித்த கை ஞாபகம் வந்ததா? அவர் எதற்காக மாற்றினார் என்று அந்த ஆபீஸில் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

உன்னிடம் கேட்க நான் வசனம் தயார் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் உன் நம்பரிலிருந்து இரண்டு ரிங் வந்து கட்டானது. நான் கூப்பிடவில்லை. சாயங்காலம் மறுபடி இரண்டு ரிங். உனக்கு மஞ்சள்காமாலை முற்றி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. 'வுட்டுட்டேன், எடுத்துக்கோ' என்றுதான் சொன்னாயா? இல்லை, உடம்பு சரியில்லாத நேரத்தில் மில்லில் ஏதாவது மக்கர் பண்ணி, அதற்கு என்னிடம் வழி கேட்கக் கூப்பிட்டாயா? மரியாதையாக ஒரு முழுக் கால் பண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். கடைசி வரைக்கும் மிஸ்டு கால்தான் உனக்கு.

உன் வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பெட்டிக்குள் நீ இருந்தாய், மேலே மில்காரர்கள் வைத்த பெரிய மாலை. உங்கள் நைனா வந்தவர்களிடமெல்லாம், "தனியாவே ஒரு புரோகிராம் எழுதுச்சு எம்பொண்ணு, ஒத்த ஆளா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடவே இருந்தியே, நீ சொல்லுமா" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டினேன். சாவு வீட்டில்கூட என் பாதியை என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டாய்.

அப்பா இப்போது ஆரணியில் அரிசி மண்டியில் மூட்டை ஏற்றுகிறார். தம்பியின் பயிற்சி நின்றுவிட்டது. இன்று காலை வந்த மெசேஜை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். அப்பாவும் முருகேசன் அண்ணனும் அங்கே இருந்தார்கள். அண்ணனையும் அதே வரிசையைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். பூண்டுராஜுக்கு டிபன் கேரியர் விழுந்த கதையைச் சொன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அப்பா லேசாகச் சிரித்தார். முருகேசன் அண்ணன் கீழே இருந்த உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேரு வயித்துல அடிச்சிட்டு அது எப்படி நல்லா இருக்கும்? அதான் அந்த வயசுலயே போய்ச் சேந்துச்சு."

நான் உன்மேல் எவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று உனக்கே இப்போது தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. உன்மேல் பரிதாபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பாராட்டு வந்தபோது முழுசாக நீயே எடுத்துக்கொண்டாய். திட்டு வரும்போதும் முழுசாக உனக்கேவா?

"அண்ணே, திட்றதுன்னா என்னையும் சேத்துத் திட்டு" என்றேன். "அது ரெண்டு பேரு எழுதுனது. பாதி என்னுது."

முருகேசன் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எந்தப் பாதி?"

சிரிக்க வைத்த பாதி என்று சொல்லியிருக்கலாம். கூட்டிப் போட்ட பக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருப்பார், அது உண்மையும்கூட. ஆனால் ஷிப்ட் மாற்றுவதைக் கம்ப்யூட்டரில் போடலாம் என்று சொன்னது யார்? உன் கேபிள் இல்லாமல் என் ஆந்தை எந்த ஃபோனுக்கும் பறந்திருக்காது. என் திரை இல்லாமல் உன் எண்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கே நீ முடிகிறாய், எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று அந்த ஃபைலுக்குள் எத்தனை தேடினாலும் கோடு கிடைக்காது.

"பிரிச்சுச் சொல்ல முடியாதுப்பா" என்றேன்.

அப்பா டீக்குக் காசு கொடுத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் என்னிடம் பேசவில்லை. தட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். எத்தனை நாளைக்கு இப்படி இருப்பார் என்று தெரியவில்லை.

உன்னை மன்னிக்க மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் என் பாதியை இன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ எடுத்துக்கொண்டு போனபோது பளபளவென்று இருந்தது. என் கைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பரவாயில்லை, என்னுடையது. நானே வைத்துக்கொள்கிறேன்.