செல்லாயி மேய்ந்த காடு

பேகம்பூர், திண்டுக்கல்
3 நவம்பர் 2024

பவித்ரா,

வழக்கமாக ‘அன்புள்ள பவி’ என்றுதான் தொடங்குவேன். இன்று கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

வடமதுரைப் பக்கம் உடையப்பன் அண்ணனின் முள்காட்டில் இப்போது ஆமையே இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் போனேன். நட்சத்திர ஆமைகள் புதுப்புல் மேய வெளியே வரும் நேரம். நாம் இருவரும் வெயிலில் அலைந்து ஒவ்வொன்றின் ஓட்டிலும் அடையாளம் வைத்தோமே, அவை பதுங்கும் புதர்கள் எல்லாம் கம்பால் கிளறப்பட்டுக் கிடந்தன.

யாரோ காரில் வந்திருக்கிறார்கள். “பல்கலைக்கழகத்திலிருந்து வர்றோம், பவித்ரா மேடம் அனுப்பினாங்க” என்றார்களாம். அண்ணனின் மனைவி சண்முகவள்ளி அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்திருக்கிறார். அவர்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது விசாரணை யாருக்கு? உடையப்பன் அண்ணனுக்கு. “ஒன் காட்டுல கெடந்தது ஒனக்குத் தெரியாமயா போயிருக்கும்? யாருக்கு வித்த?” என்று கேட்கிறார்களாம். தினமும் போய் வனத்துறை அலுவலக வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பறிக்க ஆளில்லாமல் மல்லிகை செடியிலேயே விரிந்து வாடுகிறது. அக்கா யாரிடமும் பேசுவதில்லை.

நேற்று அந்த ஆமைகளைப் பற்றிய உன் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தேன். உலகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்றிருக்கிறது. நல்லது. அதன் கீழே தரவுக் கோப்பு. அதையும் திறந்தேன். எந்த ஆமையை எந்த இடத்தில் பார்த்தோம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகையோடு அப்படியே கிடக்கிறது. போனில் தட்டினேன். மேப் என்னை நேராக அந்த வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தியது.

நம்மை உள்ளே விடும்போது அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. “எடம் எதுன்னு மட்டும் வெளிய சொல்லீராதீங்க தாயி.” சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நீ. நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

ஹுஸ்னா


ஃப்ரைபர்க், ஜெர்மனி
5 நவம்பர் 2024

அன்பு ஹுஸ்னா,

ஆய்வகத்தில் உட்கார்ந்து உன் மெயிலைப் படித்தேன். அதன் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. உடையப்பன் அண்ணன் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுதான் கண்முன் நிற்கிறது.

ஆனாலும் நீ என்னைத் திருடி மாதிரி நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமா? தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை. இதழின் நிபந்தனையும் அதுதான். தரவைப் பூட்டி வைக்கும் இடத்தில்தான் பொய் ஆய்வுகள் பிழைக்கின்றன. நீயே எத்தனை முறை புலம்பியிருக்கிறாய்? “கட்டுரைகளை எல்லாம் பூட்டி வச்சிருக்காங்க பவி, திண்டுக்கல்லுல இருக்கிறவ அறிவியல் படிக்கக் கூடாதா?” என்று. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் கதவே திறந்தது.

கோப்பை என் பேராசிரியரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தவிர, வந்தவர்கள் நம் கட்டுரையைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அங்கே ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் ஆமை இருப்பது தெரியும். என் பெயரும் ஊரில் பலருக்குத் தெரியும்.

கொஞ்சம் ஆறிய பிறகு எழுது. நெய்க்காரப்பட்டியிலிருந்து அம்மா பேசும்போதெல்லாம் “ஹுஸ்னா புள்ள நல்லா இருக்குதா?” என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்லட்டும்?

உன்
பவி


திண்டுக்கல்
8 நவம்பர் 2024

பவித்ரா,

ஆதாரம் கேட்டாய். சண்முகவள்ளி அக்கா இன்றுதான் வாய் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனக்கு மொதல்ல சந்தேகந்தான் ஹுஸ்னா. வாசல்லயே நிப்பாட்டி வச்சேன். அதுல ஒருத்தன் போனைப் பாத்துக்கிட்டே, ‘செல்லாயி இப்ப எந்தப் பக்கம்க்கா மேயும்?’னு கேட்டான். அந்தப் பேரு நம்மளத் தவிர யாருக்குத் தெரியும்? நம்ம புள்ளைக சொல்லித்தான் வந்திருக்காகன்னு நெனச்சுட்டேன். நானே கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். செல்லாயிய நாந்தேன் தூக்கி அவன் கையில குடுத்தேன்.”

ஓட்டில் விரிசலோடு, அழுகிய தக்காளிக்கு ஆசைப்பட்டு வாய்க்கால்வரை வரும் அந்தப் பெரிய ஆமைக்கு அக்கா ஆசையாக வைத்த பெயர் அது. நாம் சிரித்துக்கொண்டே எழுதி வைத்தோம். உன் கோப்பில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. போதுமா ஆதாரம்?

படிக்கத் திறந்து வையுங்கள் என்றுதான் நான் புலம்பினேன். அடுத்தவர் வீட்டுச் சாவியைத் தெருவில் போடச் சொல்லவில்லை. நிபந்தனை என்கிறாயே, அந்த இதழின் விதிகளை முழுக்கப் படித்தேன். களவு போகும் ஆபத்துள்ள உயிரினம் என்றால் இடத்தை மறைத்துத் தரலாம், கட்டுரையாசிரியர் கேட்டாலே போதும் என்று எழுதியிருக்கிறது. நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டுரை வெளிவர இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

உன் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லையாம்! அவர் எதற்குச் சொல்ல வேண்டும்? அவரா அந்த வீட்டில் சோறு தின்றார்?

ஹுஸ்னா


ஃப்ரைபர்க்
16 நவம்பர் 2024

ஹுஸ்னா,

இதழின் அந்த விதி எனக்கு முன்பே தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுரை வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், இடத்தை மறைக்கக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தரவுக் கோப்பை இணையத்திலிருந்து எடுக்க வைத்துவிட்டேன். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து அதை வாங்க வழியில்லை. கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு ஒன்றும் வருகிறது. ‘பாதுகாப்பு கருதி இடம் நீக்கப்பட்டது’ என்று மட்டும் போட்டால் போதும் என்றார் பேராசிரியர். நான் சம்மதிக்கவில்லை. ‘நில உரிமையாளருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஆய்வாளர் இடத்தை வெளியிட்டார்’ என்று என் பெயரிலேயே எழுதினேன். அவர் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதையே விளக்கமாக எழுதி, கையெழுத்துப் போட்டு வனத்துறை ரேஞ்சருக்கு அனுப்பியிருக்கிறேன். தவறு என்னுடையது, உடையப்பனுக்கு இதில் பங்கில்லை என்று.

தை மாதம் வருகிறேன். அக்காவின் காலில் விழ வேண்டும். எங்காவது குட்டிகள் தப்பியிருக்கும். முதலிலிருந்து தேடுவோம். வா என்று ஒரு வார்த்தை சொல்லேன்.

பவி


திண்டுக்கல்
2 டிசம்பர் 2024

பவித்ரா,

ரேஞ்சருக்கு உன் கடிதம் வந்த பிறகு அவர் உடையப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, இனி வர வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார். அதற்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன். தூக்கிப் போனவர்களைப் பற்றி இதுவரை ஒரு துப்பும் இல்லை.

விட்டுவிட்டார்களே என்று நான் நிம்மதியாக இருந்தேன். மறுநாளே அண்ணன் ஜேசிபியை வரவழைத்துவிட்டார். அக்கா போன் செய்து, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காடு வெறும் செம்மண்ணாகிவிட்டது. புதர்களை வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள்.

“ஏண்ணே இப்படிப் பண்ணீட்டீங்க?” என்று கத்தினேன்.

“ஆமை இருந்தாத்தான தாயி ஆளு வருது, அதுக்குப் பின்னாடி ஆபீசு வருது? முள்ளையே எடுத்துட்டா எவன் வரப்போறான்? முருங்கையப் போட்டுட்டுக் கம்முனு கெடக்கேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்த கோபமெல்லாம் உன் மேல்தான்.

அப்போதுதான் அக்கா ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றார். “நிறுத்துய்யா! நிறுத்துங்கிறேன்ல!” புரட்டிப் போட்ட மண்ணில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்கா அதைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. நாகஜோதி என்ற வனக்காவலர் வந்துதான் வாங்கினார். அப்போதும் அக்கா அவரிடம் கேட்டார், “நீங்க நெசமாவே ஆபீசு ஆளுதானா?” நாகஜோதியின் அடையாள அட்டையை வாங்கி, என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகே அக்கா மடியை அவிழ்த்தார்.

ரேஞ்சர் அனுமதியோடு நாகஜோதியும் அக்காவும் நானுமாகப் போய் அதை வேறோர் இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். மழை ஈரத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து புல்லுக்குள் போனது.

தை மாதம் வா. பேகம்பூர் வீட்டுக்கும் வா, சாப்பிடாமல் உன்னை அனுப்ப மாட்டேன். வடமதுரைக்கு மட்டும் போகாதே, அக்கா வேண்டாம் என்கிறார்.

குட்டியை எங்கே விட்டோம் என்று என்னிடம் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

ஹுஸ்னா