முப்பத்தேழு கைபேசிகளும் ஆளில்லாத தெருவும்

அனுப்புநர்
ம. அந்தோணிசாமி (வயது 47), கரும்பு வெட்டும் தொழிலாளி,
மாதா கோயில் தெரு, ஆற்றுமேடு,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: வெள்ளக் காலத்தில் கைபேசி இருக்கும் இடத்தை மட்டும் நம்பி ஆட்கள் இருக்கும் இடத்தைக் கணிப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெரு பெண்ணையாற்றங்கரையில் உள்ளது. வீடுகள் இருபத்திரண்டு. புயல் என்று அறிவித்தாலே மின்சாரம் நின்றுவிடும். ஆகவே தெருவிலுள்ள கைபேசிகளையெல்லாம் ஒரே பையில் போட்டு, ஒருவர் எடுத்துப்போய், திருவெண்ணெய்நல்லூரில் ஜெனரேட்டர் உள்ள கடையில் சார்ஜ் ஏற்றி வருவது வழக்கம். சென்ற கார்த்திகையில் போனவன் நான். பையில் முப்பத்தேழு கைபேசிகள் இருந்தன.

2. நான் கடையில் இருந்தபோதே கரை உடைந்து சாலை மூழ்கியது. திரும்ப முடியவில்லை. தெருவினர் மாதா கோயில் மாடியில் ஏறியிருப்பார்கள் என்று தெரியும். பதறிப்போய், திண்டிவனத்தில் முகாமிட்டிருந்த தொண்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். எங்கள் பக்கத்துக்கான படகு அவர்களிடம்தான் இருந்தது. "உங்க தெருவுல ஆளே இல்லன்னு காட்டுதுங்க, எல்லாரும் டவுனுக்கு வந்துட்டீங்க" என்று அங்கிருந்த பெண் பணிவாகவே சொன்னார். எந்தப் போன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, யாருக்கு ஆபத்து என்று கம்ப்யூட்டரே கணித்துவிடுமாம். அப்படிப் பார்ப்பதற்கு எங்களிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

3. என்னை நம்பவில்லையோ என்று, பையிலிருந்து ஒவ்வொரு போனாக எடுத்து அதே உதவி எண்ணை அழைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். அழைத்த ஒவ்வொரு எண்ணும் பத்திரமாக இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். பை நிறையப் போன் இருந்தும், வீட்டாரைக் கூப்பிட எனக்கு வழியில்லை.

4. படகு மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்குள், பிள்ளைகளுக்குக் குடிநீர் தேடி மாடியிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவருடைய போன் முழு சார்ஜுடன் என்னிடம் இருந்தது. அதை அவர் மனைவி வேணியிடம் கொடுத்தேன். இன்றும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5. ஐயா, இந்த வாரம் மறுபடியும் கனமழை என்கிறார்கள். இந்த ஆண்டும் அதே முறைதான் என்று நிறுவனத்தார் வந்து சம்மதப் படிவம் நீட்டினார்கள். கையெழுத்துப் போடப் பயம். போடாவிட்டால் படகே வராதோ என்று அதைவிடப் பயம். தெருவில் இப்போது ஒருவரும் போனைக் கையைவிட்டுக் கொடுப்பதில்லை. "சார்ஜ் இறங்கி ஆஃப் ஆயிடுச்சின்னா, நாம செத்துட்டோம்னு எழுதிக்கினு போய்டுவாங்களா?" என்று என் மனைவி சவுரியம்மாள் கேட்கிறாள். 

6. ஆகவே, நிவாரணப் பணிக்கு யார் வந்தாலும், ஒரு தெருவில் ஆளில்லை என்று முடிவு செய்யும் முன் ஒரு மனிதர் நேரில் வந்து குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட வேண்டும். இந்த மழைக்கு முன்பே அதைச் செய்து எங்களைக் காப்பாற்றுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆற்றுமேடு
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
ம. அந்தோணிசாமி

இணைப்பு: தெருவில் குடியிருக்கும் எண்பத்தொரு பேரின் பெயர், கையொப்பம், கைரேகை. எங்கள் போன் எங்கே இருந்தாலும், இவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.